தம்பி அழுகிறான் என்று நினைத்தேன்

என் தம்பி ஆலயத்துக்கு வருவான்; ஜெபிக்க மட்டும் மாட்டான். மேலூரில் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு ஜெபம் என்றால் மட்டும் வாயில் கொழுக்கட்டை. இவனை ஒருநாள் உம்முடைய சமுகத்தில் உடைந்து அழ வையும் என்று நான் ஆண்டவரிடம் கேட்காத நாளில்லை. எங்கள் சபையில் கண்ணீர் வராத ஜெபத்தை யாரும் ஜெபமாகவே சேர்ப்பதில்லை.

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, திருநகரில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். தம்பியும் வந்திருந்தான். தேவன் தருகிற வேளையைத் தவறவிடக் கூடாது என்று போதகர் பேசினார். பிறகு எல்லோரும் முழங்காலில் நின்று, கண்ணை மூடி, ஆளாளுக்குச் சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்தோம்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் முனகல் கேட்டது. தம்பி! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தேம்புகிறான், மூச்சு வாங்குகிறான். இத்தனை வருடம் கேட்ட வேளை இதோ வந்துவிட்டது என்று மனம் துள்ளியது. அவன் என் சேலையைப் பிடித்து இழுத்தான். நான் கண்ணைத் திறக்காமலே அவன் தலையில் கையை வைத்து, இன்னும் சத்தமாக ஜெபித்தேன். பின்னால் யாரோ அவனைத் தொட வந்தது போலிருந்தது.

"விடுங்க, நல்லா அழட்டும்" என்றேன்.

அப்போது வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் குரல். ஜெபத்துக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. எங்கள் தொட்டி நிரம்பி அவள் வீட்டுப் பக்கம் தண்ணீர் கொட்டுவதைச் சொல்ல வந்தவள்.

"யக்கா, மோட்டார நிறுத்துங்க..." என்று ஆரம்பித்தவள் அலறிவிட்டாள். "ஐயோ, அண்ணனுக்கு என்னமோ பண்ணுதுக்கா! இம்புட்டு வேர்த்துக் கொட்டுதே! கண்ணத் தொறந்து பாருங்கக்கா!"

திறந்தேன். தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்திருந்தான். உதடு கறுத்திருந்தது. கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. என் கை இன்னும் அவன் தலைமேல்தான் இருந்தது.

ஆட்டோவைப் பிடித்தது அவள். ஆஸ்பத்திரி வரை வழிவிடச் சொல்லிக் கத்திக்கொண்டே வந்ததும் அவள்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார். என் கைக்கு எட்டும் தூரத்தில் வந்த வேளையைக் கர்த்தர் எடுத்து, தொட்டித் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வந்தவளிடம் கொடுத்துவிட்டார்.

வார்டுக்கு மாற்றிய பிறகு தம்பி மெதுவாகப் பேசினான்.

"நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னேன்க்கா. நீ ஆமென், ஆமென்னு சொன்ன."

போதகர் பார்க்க வந்தார். ஜெபிக்கலாமா என்று கேட்டார்.

"பண்ணுங்கய்யா" என்றான் தம்பி. "அக்கா மட்டும் கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு இருக்கட்டும்."

கேலி செய்கிறான் என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.