மருந்து ஜாடிக்குள் வளர்ந்தது

குறைமாதக் குழந்தைகள் வார்டில் மூன்றாவது குழந்தைக்கும் காய்ச்சல் வந்த அன்று காலை, குழந்தைகள் டாக்டரம்மா லேபுக்கே இறங்கி வந்துவிட்டார். தொண்ணூறுகளின் பிற்பகுதி. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் நான் மைக்ரோபயாலஜி டெக்னீஷியன்.

"முதல் ரெண்டு பேர் ரத்தத்துலயும் அதே சூடோமோனாஸ் கிருமிதானே? அப்ப அது நம்ம வார்டுலதான் எங்கியோ இருக்கு. கண்டுபிடிச்சுக் குடுங்க" என்றார்.

முதல் குழந்தையை அதற்குள் இழந்திருந்தோம். மூன்றாவது, ஒன்றே கால் கிலோ. அதன் அம்மா மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். நான் கிருமி ஒற்றியெடுக்கும் பஞ்சுமுனை ஸ்வாப் குச்சியோடு உள்ளே போகும்போதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே எழுந்து நிற்பார்.

இன்குபேட்டர், தொட்டில், தராசு, குழாய், ஆக்சிஜன் பாட்டில் எதையும் விடவில்லை. ஒற்றியெடுத்ததைத் தடவிக் கிருமி வளர்க்கும் பிளேட், இரண்டு நாளில் நாற்பது. ஒன்றிலும் அந்தக் கிருமி இல்லை.

மூன்றாம் நாள், வார்டில் தரை துடைக்கும் எஸ்தர் அக்கா கேட்டார். "இன்னா சார், எல்லாத்தையும் தொட்டுப் பாத்துகினு கீறீங்க, அந்த மருந்து ஜாடிய மட்டும் வுட்டுட்டீங்களே?"

கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஜாடி. உள்ளே நுழையும் எல்லோரும் அதிலிருக்கும் கிருமிநாசினியை ஊற்றித்தான் கையைத் தேய்ப்போம்.

"அது கிருமியக் கொல்ற மருந்துக்கா" என்று சிரித்தேன்.

"கொல்லுமோ இன்னாவோ. நான் இந்த வார்டுக்கு வந்து ஆறு மாசமாச்சு. கொறைய கொறைய மேலயே ஊத்திகினு இருக்காங்க. ஒரு நாளு கவுத்துக் கழுவிப் பாக்கல. உள்பக்கம் வழவழன்னு கீது சார்."

அவர் மனம் கோணக் கூடாது என்றுதான் ஒரு சொட்டு எடுத்து பிளேட்டில் தடவினேன்.

மறுநாள் பிளேட்டைத் திறந்ததும் பழுத்த திராட்சை வாசனை வந்தது. உள்ளே முழுக்கப் பச்சை. இரண்டும் சூடோமோனாஸின் அடையாளம். குழந்தைகளின் ரத்தத்தில் வளர்ந்ததோடு எல்லாச் சோதனையிலும் ஒத்துப்போனது. கொல்வதற்கென்று ஊற்றிய மருந்திலேயே அது குடும்பம் நடத்தியிருக்கிறது. அதைத் தேய்த்துக்கொண்டுதானே நானும் அந்தக் குழந்தைகளிடம் போனேன் என்று நினைத்தபடியே டாக்டரம்மாவை லேபுக்குக் கூப்பிட்டேன்.

டாக்டரம்மா பிளேட்டைப் பார்த்துவிட்டு நேராக மாடியில் இருந்த வார்டுக்குப் போய், சிஸ்டர்கள் எல்லோர் முன்பும் எஸ்தர் அக்காவின் கைகளைப் பிடித்துக்கொண்டார்.

"அய்ய, வுடுங்கம்மா, கையெல்லாம் பினாயிலு" என்றார் அக்கா.

அன்றே ஜாடி போனது. சின்னச் சின்ன பாட்டில்கள், தினமும் புதிதாய், ஆட்டோகிளேவில் அழுத்த நீராவியில் வேகவைத்து. மேலே ஊற்றி நிரப்பும் பழக்கத்துக்குத் தடை. அதற்குப் பிறகு புதிதாக எந்தக் குழந்தைக்கும் அந்தக் காய்ச்சல் வரவில்லை. காய்ச்சல் கண்ட மற்ற இரண்டும் பிழைத்து வீட்டுக்குப் போயின.

அதன்பின் ஓய்வு பெறும்வரை எந்த வார்டில் ஸ்வாப் எடுக்கப் போனாலும், குச்சியைப் பிரிக்கும் முன் அங்கே கூட்டித் துடைப்பவர் யார் என்று கேட்டு, அவரிடம் பத்து நிமிடம் பேசிவிட்டுத்தான் ஆரம்பிப்பேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களே, நீங்களும் அப்படியே செய்யுங்கள்.