மைக்கில் மாட்டிக்கொண்ட அப்பா

எங்கள் தெருவில் அப்பாவுக்கு ‘ஒத்த வார்த்தை’ என்று பட்டப்பெயர். ஒரு தடவை ஒன்றைச் சொல்லிவிட்டால் மாற்ற மாட்டார் என்பதால் வந்த பெயர். செல்லூரில் துண்டு நெய்கிற விசைத்தறிகள் சில வைத்திருந்தார். துண்டு எடுக்க வருகிற வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டால் பதிலே சொல்ல மாட்டார். தறிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்தப் பட்டப்பெயரில் அவருக்கு உள்ளூரப் பெருமை. எனக்கு வெளிப்படையாகவே பெருமை. “எங்கப்பா சொன்னா சொன்னதுதான்” என்று கூட்டாளிகளிடம் காலரைத் தூக்கிவிட்டுத் திரிவேன்.

அந்தப் பெருமையில் போய்ச் சிக்கிக்கொண்டது அக்கா.

அக்கா அப்போது ப்ளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு. அவள் செல்போனில் ஒரு கேம் ஆடுவாள். நாலு பேர் ஓர் அணியாக ஒரு தீவில் குதித்து, கடைசிவரை சாகாமல் நிற்கிற அணி ஜெயிக்கும். அவளுடைய அணியில் ஒருவன் அசாம், ஒருவன் நாக்பூர், இன்னொருத்தி கொழும்பு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இங்கிலீஷிலும் அரைகுறை இந்தியிலும் அவள் போடுகிற கட்டளைகளைக் கேட்க எனக்கு அத்தனை ஆசை. வீட்டுக்கு யாராவது வந்தால் அடுப்படிக்குள் பதுங்குகிற அக்காதானா இது என்று இருக்கும். அவள் ஒரு நாளும் கத்த மாட்டாள். அசாம்காரன் பதற்றத்தில் கண்டபடி உளறினாலும், “பொறு, மொதல்ல எங்கன இருக்கேன்னு சொல்லு” என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லி அவனை நிதானத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே நானும் இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். ஒரு நாள் வகுப்பில் சார், ‘ஆம்புஷ்’ என்றால் என்ன என்று கேட்டார். எழுந்து நின்றது நான் ஒருவன்தான். “புதருக்குள்ள சத்தம் காட்டாமப் படுத்துக் கெடந்து, வர்றவனைப் போட்டுத் தள்றது சார்” என்றேன். சார் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, உங்கப்பா என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்தார்.

அக்காவுக்கு ஒரே ஓர் ஆசைதான். கேம் உருவாக்கக் கற்றுக்கொடுக்கிற படிப்பு கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இருந்தது. அதில் சேர வேண்டும். அப்பாவும் பார்க்கலாம் என்றுதான் சொல்லிவைத்திருந்தார். ஆனால் பரீட்சை முடிவு வந்தபோது, அவர் எதிர்பார்த்த மார்க் வரவில்லை. கேவலமான மார்க்கும் இல்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து வீடு நிறைய சொந்தக்காரர்கள். ஆளாளுக்கு “போனு, போனு” என்று எடுத்துக்கொடுத்தார்கள். அப்பா அக்காவின் கையிலிருந்து போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“இனி இந்த வீட்ல கேம்ங்கிற பேச்சே வரக் கூடாது. கோயம்புத்தூரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. வர்ற தையில மாப்பிள்ளை பாக்குறோம்.”

சொன்னது ஒத்த வார்த்தை. அதுவும் வாசலில் நின்றிருந்த பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டுவிட்டார்கள். அக்கா அழவில்லை. வந்தவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். அம்மாதான் அடுப்படியில் அழுதாள். மறுநாளிலிருந்து அக்கா பட்டறையில் நூல் சுற்றுகிற மெஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள். அவள் பாட்டுக்குச் சுற்றினாள். அப்பா உள்ளே வருவார், அவளைப் பார்ப்பார், வெளியே போய்விடுவார். அந்த நாட்களில் அவர் தட்டில் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தெருவில் அம்மன் கோயில் திருவிழா வந்தது. எங்கள் திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம் பட்டிமன்றம். வெளியிலிருந்து பேச்சாளர்களைக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. தெருக்காரர்களே பேசுவார்கள். அதற்கு ஒரு முறை உண்டு. எந்தப் பக்கம் வாய்க்கிறதோ அந்தப் பக்கத்துக்காகவே பிறந்தவர் மாதிரிப் பேச வேண்டும், மேடையிலிருந்து இறங்கியதும் அதைத் துண்டை உதறுகிற மாதிரி உதறிவிட வேண்டும். மாமியாரே கொடுமை என்று முழங்கிய அத்தை, இறங்கி வந்து மாமியாருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். பட்டிமன்றத்தில் பேசியதற்காக யாரையும் யாரும் பிடித்துக்கொள்வதில்லை.

அந்த வருடம் நடுவராக இருந்தவர் எங்கள் தெருவில் குடியிருந்த, ஓய்வு பெற்ற தமிழய்யா. பட்டிமன்றத்துக்குப் பத்து நாள் முன்னால், வீட்டுக்கு வீடு நடந்துகொண்டிருந்த சண்டையையே அவர் தலைப்பாக்கினார். வீடியோ கேம் பிள்ளைகளை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? கெடுக்கிறது என்று பேச அப்பா. வளர்க்கிறது என்று பேச மாமா. மாமா என்றால் அம்மாவின் தம்பி. சிம்மக்கல்லில் செல்போன் உதிரி சாமான் கடை வைத்திருந்தார். ஆக, அவரவர்க்கு ஏற்ற பக்கம் என்று தெருவே தலையாட்டியது.

மறுநாள் காலையில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போனார். அங்கே மாமா இருந்தார். அப்பா டீயை ஆற்றிக்கொண்டே பேச்சை எடுத்தார்.

“மாப்ள, பக்கத்தை மாத்திக்கிருவமா?”

“ஏன் மச்சான்? உங்களுக்குத்தான் சும்மா அடிச்சு ஆடுற பக்கம் வந்திருக்கு!”

“அதான் வேணாங்கிறேன். ஊரே கைதட்டுற பக்கம் நின்னு பேசுறதுல என்ன இருக்கு? முடியாததைப் பேசி ஜெயிக்கணும்ல.”

மாமாவுக்குக் கசக்கவா செய்யும்? உடனே சம்மதித்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கப்பா எம்புட்டுப் பெரிய ஆள் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

அன்று சாயங்காலம் பீரோ திறந்தது. “ஆடத் தெரியாம அதைப் பத்தி எப்பிடிப் பேசுறது?” என்று அப்பா பொதுவாக, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். போனை அக்காவிடம் நீட்டி, “கொஞ்சம் சொல்லிக் குடு ஆத்தா” என்றார்.

அக்கா அப்பாவின் போனிலும் கேமை ஏற்றி, அந்த வாரம் ஆட வராத கொழும்புக்காரியின் இடத்தில் அவரைச் சேர்த்தாள். தறி நிறுத்தியதும் தினமும் பாடம் நடந்தது. அப்பா ஆடிய அழகை என்னவென்று சொல்ல! போனை பஸ் ஸ்டியரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆள் திரும்புவதற்கு அவரே திரும்புவார். தீவில் குதிக்கச் சொன்னால் கடலில் குதிப்பார். அணிக்காரர்களுக்கு முதல் வேலையாக வணக்கம் சொன்னார். அசாம்காரனிடம் சாப்பிட்டாயா என்று தமிழிலேயே கேட்டார். அக்கா அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் அந்தப் பையன் சிரித்துவிட்டு, அன்றைக்கு அவன் வீட்டில் என்ன சமையல் என்று முழு விவரமும் சொன்னான். “நல்ல பிள்ளையா இருக்கானே” என்று அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம்.

ஒரு நாள் ஆட்டம் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. எதிரில் ஒரே ஓர் அணிதான் பாக்கி. அப்பா என்ன நினைத்தாரோ, நடு வெளியில் எழுந்து ஓடி, குண்டு வாங்கி விழுந்தார். அப்படி விழுந்தவரை யாராவது பக்கத்தில் வந்து தூக்கிவிட்டால் மறுபடி ஆடலாம், இல்லாவிட்டால் அவ்வளவுதான். மற்ற மூவரும் ஒரு பாறைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தார்கள். அங்கேயே இருந்தால் ஜெயித்திருப்பார்கள். அக்கா பாறையை விட்டு வெளியே வந்தாள். தவழ்ந்து தவழ்ந்து அப்பாவிடம் வந்து, அவரைத் தூக்கப்போகும் நேரத்தில் அவளும் விழுந்தாள். ஆட்டம் போயிற்று. அக்கா மற்ற இருவரிடமும் முடிவெடுத்தது தான், தோற்றதும் தன்னால்தான் என்று இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டாள்.

“ஏத்தா வந்த? அங்கனயே இருந்திருந்தா ஜெயிச்சிருப்பீகள்ல?”

“உங்களைக் கூட்டிட்டு வந்தது நான்லப்பா. எப்பிடி விட்டுட்டுப் போறது?”

அவள் அதைப் பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தயாரானாள். அப்பா போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், ஓடாத தறிகளுக்கு நடுவே நின்றார். கூப்பிட்டும் வரவில்லை. தோற்ற கோபம் என்று எனக்குத் தோன்றியது. இவ்வளவு பெரிய ஆளுக்குத் தோற்றால் இப்படியா கோபம் வரும் என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன்.

பட்டிமன்றத்தன்று தெருவை அடைத்துப் பந்தல். மாமாதான் முதலில் பேசினார். கண் கெடுகிறது, கழுத்து வலிக்கிறது, தூக்கம் போகிறது, பெரியவர்கள் கூப்பிட்டால் காதில் விழுவதில்லை, அப்புறம் பக்குவம் எங்கிருந்து வரும் என்று அவர் ஒவ்வொன்றாக எடுத்துவிட, தாய்மார் பக்கத்திலிருந்து கைத்தட்டல் அடங்கவே இல்லை. கடை வியாபாரம் என்னாகும் என்று அவருக்குக் கவலையே இல்லை. அதுதான் பட்டிமன்ற தர்மம்.

அடுத்து அப்பா. கேம் ஆடினால் வார்த்தை வளம் பெருகும் என்பது அவருடைய முதல் வாதம். அதற்கு அத்தாட்சி நான். என்னை மேடையில் ஏற்றி, வரிசையாக இங்கிலீஷ் வார்த்தைகளைக் கேட்டார். ஆம்புஷ், ரிவைவ், ஷெல்டர், அலையன்ஸ் என எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று அர்த்தம் சொன்னேன். கூட்டம் அசந்துபோனது. மாமா மெல்ல எழுந்தார்.

“மருமகனே, ஹோம்வொர்க்னு ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்காம்ல. கேள்விப்பட்டிருக்கியா?”

நான் நன்றாக யோசித்தேன். “கேம்ல அது வராது மாமா.”

பந்தலே குலுங்கியது. தமிழய்யா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அப்பாவின் வழக்கை நான் ஒற்றை வரியில் முடித்துவைத்துவிட்டேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா என் தோளைத் தட்டிக் கீழே அனுப்பிவிட்டு மைக்கைப் பிடித்தார். சிரிப்பு அடங்கியதும் பேசினார்.

“வார்த்தை கெடக்கட்டும்யா. பக்குவம் வருமான்னு கேட்டீகள்ல, அதுக்குச் சொல்றேன். எம்மகளோட ஒரு வாரமா ஆடுனேன். நான் தப்புப் பண்ணி விழுந்து கெடக்கேன். அவ ஜெயிக்கப் போற நேரம். அதை விட்டுட்டு என்னையத் தூக்க வந்தா. ஏன்னு கேட்டா, கூட்டிட்டு வந்தது நான்லங்கிறா.” மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். “இம்புட்டு நாளா அவ போன்ல எதையோ சுட்டுக்கிட்டிருக்கான்னு நெனச்சேன். நாலு பேரைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கா. அவ வயசுல எனக்கு அந்தப் பொறுப்பு இல்ல. இப்பயும் இருக்கான்னு தெரியல.”

நேரம் முடிந்தது என்று தமிழய்யா மணியை அடித்தார். அப்பா காதில் வாங்கவில்லை. “அவ ஆடுறதோட நிக்கக் கூடாது. அந்த மாதிரி ஒண்ணை உருவாக்குற படிப்பைப் படிக்கணும். படிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெண்கள் பக்கம் அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா அவள் முதுகில் கை வைத்திருந்தாள்.

தீர்ப்பு மாமா பக்கம். பெற்றவர்கள் நிறைந்த பந்தலில் வேறென்ன தீர்ப்பு வரும்? ஜெயித்தவருக்குப் போர்த்திய துண்டு எங்கள் தறியில் நெய்த துண்டு. என் வாயால் தோற்றோமே என்று நான் தேம்பித் தேம்பி அழுதேன். அப்பாவோ மாமாவைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தோற்ற மனுஷன் இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

விடிந்ததும் அப்பா வாசலில் நின்று புலம்ப ஆரம்பித்தார். “மைக்ல சொல்லித் தொலைச்சுட்டேனே. தெருவே கேட்டிருச்சு. இனி என்னத்தச் செய்ய?”

“மச்சான், பட்டிமன்றத்துல பேசுறதெல்லாம் ஒரு பேச்சா? நான் பேசுனதுக்காக நாளைக்குக் கடையைப் பூட்டிட்டா போறேன்?” என்றார் மாமா.

“உனக்கு எப்பிடியோ மாப்ள. நான் சொன்னா சொன்னதுதான்.”

தெருவுக்கும் வேறு வழி இல்லை. ஒத்த வார்த்தைக்காரர் ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை பார்க்கச் சொன்ன சொந்தக்காரர்கள்கூட, “பாவம், வாய் தவறி மாட்டிக்கிட்டாரு” என்று அனுதாபப்பட்டார்கள். நானும்தான் பட்டேன்.

அக்கா இன்று பெங்களூரில் கேம் செய்கிற கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். அவளை நம்பி ஓர் அணியே வேலை செய்கிறது. போனில் அவள் அவர்களோடு பேசுகிற தோரணையைக் கேட்டால், அந்தப் பழைய ஹெட்போன் அக்கா அப்படியே இருக்கிறாள். மெச்சாமல் இருக்க முடியவில்லை.

அவளைக் கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிட ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் போயிருந்தோம். பஸ் திரும்பி மறைந்ததும் எனக்கு வீடே வெறிச்சென்று ஆகப்போவது புரிந்தது. கோபம் கோபமாக வந்தது. “அன்னைக்கு டீக்கடையில பக்கத்தை மாத்தாம இருந்திருந்தா அக்கா இங்கயே இருந்திருக்கும்லப்பா” என்றேன்.

“என்னப்பா செய்யிறது? உங்க மாமா வந்து கேட்டாரு, மாட்டேன்னு சொல்ல முடியல” என்றார் அப்பா, பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டே.

மாமா எங்கே கேட்டார்? அப்பாதானே கேட்டார்? நான் பக்கத்தில்தானே நின்றேன்? எனக்குத் திக்கென்றது. அப்பா முன்னால் நடந்ததும் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, அப்பாவுக்கு ஞாபக மறதி வந்துவிட்டது என்று ரகசியமாகச் சொன்னேன்.

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஆமாடா, வயசாகுதுல்ல” என்றாள்.