பிரதாபனின் லண்டன் துவக்கு

நாவலடிக்குளத்துக்கு வந்து பிரதாபன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் யோசிப்பார்கள். லண்டன் துவக்கர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், குளக்கட்டில் மாடு சாய்த்துக்கொண்டு போகிறவர்கூட சைக்கிளைத் திருப்பி உங்களைப் படலை வரைக்கும் கொண்டுவந்து விடுவார். மனிதன் லண்டனைக் கண்ணால் கண்டதில்லை. வவுனியாவைத் தாண்டினால் அவருக்குத் தலை சுற்றும். அவர் வைத்திருந்தது லண்டனில் செய்த ஒரு இரட்டைக் குழல் வேட்டைத் துவக்கு, அதுவும் நூறு வருஷத்துக்கு மேல் பழசு. பெயர் வைக்க ஊருக்கு அது போதாதா?

வன்னியில் பயிர் வைக்கிற வீட்டில் துவக்கு இருப்பது அதிசயமில்லை. பன்றியும் குரங்கும் யானையும் விளைந்ததைத் தின்றுவிட்டுப் போகிற இடம். பயிர்க் காவலுக்கென்று அனுமதி எடுத்து, வருஷா வருஷம் அரசாங்கக் கச்சேரிக்குப் போய்ப் புதுப்பித்து, ஒற்றைக் குழல் வைத்திருக்கிறவர்கள் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். பிரதாபனிடமும் அப்படி ஒன்று இருந்தது. பிடியில் சைக்கிள் டியூப் சுற்றியது, வெடித்தால் சுட்டவனின் தோள்தான் முதலில் விழும். அதை ஒருவரும் கணக்கில் எடுப்பதில்லை. கதையெல்லாம் மற்றதைப் பற்றித்தான்.

அந்த மற்றது வந்த விதம் இது. வவுனியா நகரத்தில் பழைய அப்புக்காத்து வக்கீல் ஒருவரின் பிள்ளைகள் வீட்டை விற்றுக்கொண்டு வெளிநாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே அரிசி மூட்டை இறக்கப் போன பிரதாபன், சுவரில் இருந்து இறக்கி வைத்திருந்த துவக்கைக் கண்டார். இரும்பில் இரண்டு கௌதாரிகள் வெட்டியிருந்தன, இறகு இறகாக, தலைமயிர் பருமனான கோடுகளில். குழல்கள் முழுக்க மரத்தின் வைரம் ஓடுவதுபோல மண்ணிற வரிகள். "தூக்கிப் பாருங்கோ" என்றார்கள். தூக்கித் தோளில் வைத்தார். அவ்வளவுதான், மனிதனின் கதை முடிந்தது.

அவர்கள் சொன்ன விலைக்கு ஒரு நல்ல வயல் வாங்கலாம். பிரதாபனோ வயலை விற்கவேண்டியிருந்தது. அவருடைய சொந்த வயலும் அல்ல, குளத்துக்குக் கீழே இருந்த விமலேஸ்வரியின் சீதன வயல். எங்கள் வழமையில் சீதனக் காணி பெண்ணின் பெயரில் இருக்கும், அவள் கையெழுத்து வைக்காமல் புருஷன் ஒரு வரம்பைக்கூட விற்கமுடியாது. விமலேஸ்வரியோ துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து குசினிக்குள் போகிறவள். அவளுடைய ஒரே தம்பி ஒரு துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போனவன், திரும்பி வரவில்லை. அப்படிப்பட்டவளிடம் போய் இந்த மனிதன் என்ன வாயால் கேட்டாரோ! ஆனால் கேட்டார். அவள் ஒரு கிழமை யோசித்தாள். பிறகு, "கலியாணம் கட்டின நாளிலயிருந்து நீங்கள் உங்களுக்கெண்டு ஒண்டும் வேணும் எண்டு கேட்டதில்லை, எங்கை வைக்கவேணும் கையெழுத்து?" என்றாள்.

வயலை வாங்கியவர் அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஐயாத்துரை. துவக்கு, பத்திர வேலைகள் எல்லாம் முடிந்து, வீட்டு இரும்பு அலுமாரிக்குள் குடிவந்தது. பதினொரு வருஷம் இருந்தது. விமலேஸ்வரி ஒரு நாளாவது அதைத் தொட்டதில்லை. கூட்டும்போது அந்த அலுமாரியைச் சுற்றித்தான் கூட்டுவாள். பஸ்ஸில் அந்த வயலைக் கடக்கும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பாள். அதைப் பிரதாபன் கண்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறார். ஆனால் ஒரு சொல் குத்திக்காட்டியிருப்பாளா? இல்லை. சண்டை பிடித்திருந்தாலாவது அவருக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஊருக்குக் கொண்டாட்டம். "நாங்கள் துவக்குச் சத்தத்தில செத்துப் பிழைச்ச சனம், உமக்கு அதிலை ஆசையோ?" என்று தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள். "யானை வந்து வாழையை முறிக்கேக்க எடுத்து வெடி வையுமன், லண்டன் துவக்குக்கு யானை சலூட் அடிக்கும்" என்பார்கள். பிரதாபன் கோபிக்கமாட்டார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கம் சொல்லுவார். "நகையைக் கள்ளன் கொண்டுபோவான். காணி வழக்கில போகும். மாடு சாகும். உந்தத் துவக்கை இனி உலகத்தில ஒருத்தனும் செய்யமாட்டான், செய்தவன் செத்துப்போனான். விலை ஏறுமே தவிர இறங்காது." யானைக்கும் பன்றிக்கும் அந்த டியூப் சுற்றிய ஒற்றைக் குழல்தான். லண்டன்காரரை அவர் ஒரு தரம்கூட வெடிக்க வைக்கவில்லை.

அவர் சொன்னது முழுக்க விசர்க்கதை அல்ல என்பது இந்த வருஷம்தான் தெரிந்தது. ஐயாத்துரை கனடாவில் இருக்கிற மகளிடம் போய்ச் சேரப்போவதாகச் சொன்னார். வயலைக் கொடுத்துவிட்டுத்தான் போவாராம். "கால போக விதைப்புக்கு முதல் நீங்கள் எடுத்தால் எடுங்கோ, இல்லாட்டி வெளியாருக்குத்தான்" என்று சொல்லி அனுப்பினார். அன்று சாப்பாடு போடும்போது விமலேஸ்வரி, "அண்ணை வயலைக் குடுக்கப்போறாராம்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுக் கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பிரதாபனுக்குப் பிசைந்த சோறு கையிலேயே நின்றது. அந்த வயலை அவளிடம் திருப்பிக் கொடுக்காமல் தான் மனிதனாக இருக்கமுடியாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தார்.

மகள் யதுர்ஷிகா பிரதேச செயலகத்தில் வேலை. அவள்தான் துவக்கைப் படம் எடுத்து, யார் யாருக்கோ அனுப்பி, கண்டியில் இருக்கிற டொக்டர் வினோதனைப் பிடித்தாள். பழைய துவக்குகளை முறையான அனுமதியோடு சேர்த்து வைத்திருக்கிறவர். படத்தைப் பார்த்தே அவர் ஒரு விலை சொன்னார். வயலையும் வாங்கி, வரம்பும் கட்டி, விதைநெல்லும் எடுக்கலாம். பிரதாபன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். போனை வைக்க முன்னம் டொக்டர், "ஐயா, நான் வந்து பாக்கும் வரைக்கும் எண்ணெய்கூடப் போடாதேங்கோ. இருக்கிறபடியே இருக்கட்டும்" என்றார்.

துவக்கை விற்கப்போவது மகள் சொல்லி விமலேஸ்வரிக்குத் தெரியும், ஆனால் டொக்டர் சொன்ன இதை அவர் அவளிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அந்த வீட்டில் துவக்கைப் பற்றிக் கதைக்கிற பழக்கமே இல்லையே! அவள் அதைத் தொடுவாள் என்று அவர் கனவிலாவது நினைத்திருப்பாரா?

டொக்டர் வருவதாகச் சொன்னது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பிரதாபன் வெள்ளன எழும்பித் துவக்கை எடுத்து மேசையில் துணி விரித்து வைத்தார். காருக்கு வழி காட்டவென்று சைக்கிளில் சந்திக்குப் போனார். கண்டியிலிருந்து வந்த மனிதருக்கு வழியில் பஞ்சர், சந்தியில் வெகு நேரம் காத்திருக்கவேண்டியதாகிவிட்டது. ஒருவழியாகக் காரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். முற்றம் சாணி தெளித்துக் கூட்டியிருந்தது. படிக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு மினுக்கி வெயிலில் வைத்திருந்தது. உள்ளே போனார்கள்.

மேசையில் கிடந்த துவக்கும் மினுங்கியது. புது எவர்சில்வர் செம்பு தோற்றுப்போகும். மண்ணிற வரி ஒன்றையும் காணவில்லை. கௌதாரிகளில் ஒன்றுக்குத் தலை இருந்தது, இறகு இல்லை. மற்றதுக்கு அதுவும் மட்டுமட்டு.

டொக்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார். "ஐயா, ஆர் இதை மினுக்கினது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான்தான் தம்பி" என்று குசினி வாசலில் இருந்து விமலேஸ்வரி சொன்னாள். கையில் தேத்தண்ணித் தட்டு. "விளக்கு மினுக்கின கையோட இதுக்கும் பழப்புளியும் உமிச்சாம்பலும் போட்டுத் தேங்காய்த் தும்பால நல்லா உரஞ்சி எடுத்தனான். எத்தினை வருசத்து ஊத்தை! இவருக்கு ஒரு நாளும் துடைக்கத் தோன்றேல்லை. விலைபேச ஆள் வரேக்க சாமானை உப்பிடி அழுக்கோடயே வைக்கிறது?"

டொக்டர் நல்ல மனிதர். அவள் முகத்தைப் பார்த்தார், பிரதாபனின் முகத்தைப் பார்த்தார். "நல்லா மினுங்குது அம்மா" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டார். குடித்து முடித்துப் பிரதாபனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"குறை நினையாதேங்கோ ஐயா. அந்தப் பழைய நிறத்துக்கும் அந்த வேலைப்பாட்டுக்கும்தான் நான் அந்த விலை சொன்னனான். போனது போனதுதான், திரும்பச் செய்யேலாது. இப்ப இது வெறும் பழைய துவக்கு." பிறகு ஒரு விலை சொன்னார். முதல் சொன்னதில் பாதியும் இல்லை. அவர் ஏமாற்றவில்லை என்று பிரதாபனுக்குத் தெரியும். பதினொரு வருஷமாகத் தேத்தண்ணிக் கடையில் அவரே படித்துப் படித்துச் சொன்ன பாடம் அல்லவா அது!

கோபம் வந்தது. வராமல் இருக்குமா? வயல், துவக்கு, பதினொரு வருஷம், எல்லாம் ஒரு உருண்டைப் புளியில் கரைந்துபோயிற்று. நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று வேகமாக உள்ளே போனார். விமலேஸ்வரி மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். புளி பட்டு அவளுடைய விரல்கள் சுருங்கி வெளுத்திருந்தன.

"என்னவாம்?" என்றாள். அவர் வாய் திறக்க முந்தி அவளே சொன்னாள். "முதல்ல தொட ஏலாமல் கிடந்ததப்பா. தம்பியைத்தான் நினைச்சன். விட்டுட்டு ஓடிடுவம் எண்டு பாத்தன். பிறகு வயலை நினைச்சன்... நீங்கள் ஆசைப்பட்டு வாங்கினதைக் குடுக்கிறியள், நான் ஒருக்கா மினுக்கியாவது விடவேணும் எண்டு நினைச்சன்."

பிரதாபனுக்கு அழுகை வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. தன்னைவிட இந்தத் துவக்குக்கு அதிகமாகக் கொடுத்தவள் இவள்தான் என்று அவருக்குத் தோன்றியது.

"சொன்ன விலைக்கே எடுக்கிறாராம்" என்றார். "மினுக்கினபடியால மறுபேச்சில்லாமல் எடுக்கிறாராம்."

அவள் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, மகளின் வேலைக் கடிதம் வந்த நாளுக்குப் பிறகு அப்படி ஒன்றை அவர் கண்டதில்லை.

அன்று பின்னேரமே ஐயாத்துரை வீட்டுக்குப் போனார். உள்ளதை உள்ளபடி சொன்னார். ஐயாத்துரை, "பழப்புளியோ!" என்று கேட்டுவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவளுக்குத் தெரியுமே?" என்றார்.

"இல்லை அத்தான். நீங்களும் சொல்லக்கூடாது. துவக்குக் காசு கைக்கு வர அப்பிடியே தாறன். மிச்சத்துக்கு என்ரை லான்ட்மாஸ்டரை எடுங்கோ."

"உழவுக்கு என்ன செய்வாய்?"

"கூலிக்கு விட்டு உழுவன்."

அந்தச் சின்ன உழவு இயந்திரம்தான் பிரதாபனின் வருமானத்தில் பாதி. ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அவர்தான் உழுது கொடுக்கிறவர். ஐயாத்துரை கதிரையை அவர் பக்கம் இழுத்துப் போட்டார். "துவக்கு விசர் போய் இப்ப என்ன விசரடா உனக்கு? சரி, கொண்டா" என்றார். சொன்னபடி வாயையும் மூடிக்கொண்டு கனடாவுக்குப் போனார்.

கச்சேரி வேலைகள் முடிந்து துவக்கு கண்டிக்குப் போனது. வயல் விமலேஸ்வரியின் பெயருக்குத் திரும்பி வந்தது. லான்ட்மாஸ்டர் எங்கே என்று அவள் கேட்டபோது, எஞ்சின் பழசு, டீசல் குடிக்குது, கூலிக்கு விட்டால் லாபம் என்று ஏதோ சொல்லி வைத்தார். நம்பினாளோ இல்லையோ, ஓம் என்றாள். ஊரார், "என்ன, லண்டன் விலை ஏறினதோ?" என்று கேட்டார்கள். "ஏறினது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தார். கோயிலடியில் பெண்களுக்கு விமலேஸ்வரி சொன்ன விளக்கம்தான் ஊரில் நின்றது. எல்லாம் பழப்புளியின் வேலை.

விதைப்பு முடிந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை. பிரதாபன் வயலில் இருந்து வந்தபோது அலுமாரி திறந்திருந்தது, திறப்பு பூட்டிலேயே தொங்கியது. கிணற்றடியில் விமலேஸ்வரி சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் குத்துவிளக்கு. மடியில் பயிர்க் காவல் துவக்கு, சைக்கிள் டியூப் கழற்றிய அந்தப் பழைய ஒற்றைக் குழல். பாதிக் குழல் வெள்ளையாகிவிட்டது.

அவர் ஓடிப்போய் உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"ஏனப்பா முழுசுறியள்?" என்றாள் அவள். "இதையும் ஒரு நாளைக்கு ஆராவது கேட்டு வருவினம்."

பிரதாபன் பக்கத்தில் கிடந்த கல்லில் உட்கார்ந்தார். புளிச் சட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தார்.

"ஓம், வருவினம்" என்றார். "அடிப்பக்கம் இன்னும் கொஞ்சம் உரஞ்சும்."