அவைக்குறிப்பில் ஏறாத பேச்சு

முப்பது பேர் ஒரே நேரத்தில் பெஞ்சைத் தட்டினால் எழும் சத்தம் வயிற்றுக்குள் போய் அதிரும். திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் நான் பத்தாம் வகுப்பு படித்த ஆண்டு, 'மாதிரிச் சட்டமன்றம்' நடத்துவதென்று சமூக அறிவியல் டீச்சர் முடிவு செய்ததிலிருந்து, கேள்வி நேரம், வெளிநடப்பு, ஒத்திவைப்புத் தீர்மானம் என்று வாயில் நுழையாத சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்து, அந்தச் சத்தத்தோடு ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம். நான்தான் சபாநாயகர். கணீரென்ற குரல் ஒன்றே தகுதி. தலைக்கனம் தானாக வந்து சேர்ந்தது.

எதிர்க்கட்சித் தலைவர் என் சிநேகிதி பாண்டியம்மா. அவள் ஊருக்குப் பஸ் கிடையாது. கருவேலங்காட்டு வழியே நாலு மைல் நடந்து வருவாள். "பஸ்ஸு விட்டா பதினொண்ணு படி, இல்லேன்னா பத்தோட நிறுத்திக்க" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். சட்டமன்றம் நடக்கும் பள்ளி விழாவுக்கு ஒன்றியத் தலைவர் வருகிறார் என்று தெரிந்ததும் என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாள்: "அவுக முன்னாடியே கேக்கப்போறேன்டி."

விழாவன்று, உறுப்பினர்கள் அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் 'நேரமில்லா நேர'த்தில், டீச்சர் எழுதிக்கொடுத்த குடிநீர்ப் பேச்சை மடித்து வைத்துவிட்டு, "எங்க ஊருக்குப் பஸ்ஸு இல்லாததுனால நான்..." என்று ஆரம்பித்தாள். டீச்சரின் முகம் கறுத்தது. நிகழ்ச்சி கெட்டுவிடுமே என்ற பயத்தில் நான் மேசையைத் தட்டி, "உறுப்பினர் அமரவும். இது அவைக்குறிப்பில் ஏறாது" என்றேன். ஆளுங்கட்சிப் பெஞ்சுகள், சொல்லிக்கொடுத்தபடியே, தடதடத்தன. அவள் உட்காரவில்லை, உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ஒன்றியத் தலைவர் சிரித்துவிட்டு, "சபாநாயகர் கெட்டிக்காரப் பிள்ள" என்று எனக்கொரு பேனா பரிசளித்தார்.

"ஒரு நிமிசம் விட்டிருக்கலாம்ல" என்றாள் வீட்டுக்குப் போகும்போது. அதற்கு மேல் ஒன்றும் திட்டவில்லை. பரீட்சை முடிந்ததும் நூல் மில் வேலைக்குப் போய்விட்டாள். நான் அருப்புக்கோட்டைக்குப் போய் மேலே படித்தேன். மேசையைத் தட்டி அவள் பேச்சை அடக்கியதை நினைத்து வெட்கப்படாத நாள் குறைவு.

இப்போது அவள் ஊருக்கு மினி பஸ் போகிறது. நாங்கள் சட்டமன்றம் நடத்திய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். போன மாதம் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பாண்டியம்மாவைப் பார்த்தபோது, இத்தனை வருடமாகக் கேட்கக் கூசியதைக் கேட்டேன்: அன்றைக்கு முழுக்க என்னதான் பேசினாய்?

"நாலு நாளு ஒக்காந்து எழுதினது. இப்ப ஒரு வரிகூட ஞாபகம் வரலடி."

அவ்வளவு பேர் கூடியிருந்த இடத்தில் அந்தப் பேச்சு ஒருவர் காதிலும் விழவில்லை. விழாமல் பார்த்துக்கொண்டவள் நான்.