ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி

இந்த மாதம் முடிதிருத்தும் கடைக்கு மூன்று கிராமபோன் பிளேட்டுகள் வந்திருக்கின்றன. ஒன்றில் ஓர் அம்மாள் முருகன் மேல் பாடுகிறார். பத்துமலைக்குக் காவடி தூக்கிப் போகிறவர்கள் போடும் சத்தம் அதில் இல்லை. அடுப்படியில் தனக்குத்தானே பாடிக்கொள்கிற மாதிரி, அவசரமில்லாத குரல். இரண்டாவது பேசும் படத்துப் பாட்டு. கடையில் எல்லோருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. எனக்கு இரண்டு தடவைக்கு மேல் கேட்க முடியவில்லை. மூன்றாவது நாகஸ்வரம். அது கடைக்குத்தான் புதிது, எனக்குப் பழையது. அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவன். ரயில் பெட்டிகள் கழுவும் வேலை. ராகத்தின் பெயர் எதுவும் தெரியாது. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தக் கடையின் மூலைப் பெஞ்சில் போய் உட்காருவேன். யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருந்தால் நல்லது. சட்டைப் பையில் ஒரு பொட்டலம் கிராமபோன் ஊசி வைத்திருப்பேன். கடைக்காரர் ஓர் ஊசியை மழுங்கித் தேயும் வரை விடமாட்டார். நான் எழுந்து போய் மாற்றிவிட்டு வருவேன்.

"நாங்கூட கத்திய இத்தனை தடவ மாத்துறதில்லண்ணே" என்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒருவரிடமிருந்து வந்தது. ரயில்வே குவாட்டர்ஸில் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர். எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வரிசையில் அவரிடம் மட்டும்தான் கிராமபோன் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும் போய்விடுவேன். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அதனாலேயே அந்த வீட்டில் எனக்குக் கூச்சமும் இல்லை.

ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்பது அவர் வைத்திருந்த சட்டம். பக்கம் முடிந்தால் ஊசியைக் கழற்றி எறிந்துவிடுவார். தேய்ந்த ஊசி பிளேட்டை உழுதுவிடும் என்பார். எங்கள் இருவருக்கும் பிடித்தது அந்த நாகஸ்வரப் பிளேட்டு. முதல் பக்கம் முடியப் போகும்போது தவில் சட்டென்று நிற்கும். நாகஸ்வரம் மட்டும் ஒரே சுரத்தைப் பிடித்து நீட்டிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் அவர் விசிறியைக் கீழே வைத்துவிடுவார்.

ஒருநாள் புது ஊசியைத் திருகும்போது அது அவர் கட்டை விரலில் இறங்கியது. அவர் கையை இழுக்கவில்லை, பார்க்கவும் இல்லை. கிராமபோன் பெட்டிக்குச் சாவி கொடுக்கத் தொடங்கினார். பிளேட்டின் மேல் ரத்தம் ஒரு சொட்டு விழுந்தது. நான் வேட்டி நுனியால் துடைத்தேன்.

"என்னப்பா?"

"தூசிண்ணே."

அதன் பிறகு இன்னும் மூன்று நான்கு தடவை அப்படி நடந்தது. கரி அள்ளிக் காய்ப்பு ஏறிய கை, அதனால்தான் தெரியவில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் எனக்குத் தெரியும். நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்கிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பிறகு அவருடைய விரல்களையும் பார்த்தேன். சொல்லக் கூச்சமாக இருந்தது என்பது பாதிதான் உண்மை. சொன்னால் அவரைக் கொண்டுபோய்விடுவார்கள். என் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஒரு வருஷத்துக்கும் மேலாக வாய் திறக்கவில்லை.

எஞ்சினின் நெருப்புக் கதவில் பட்டு அவர் உள்ளங்கை வெந்தது. அது தெரியாமல் அவர் வேலை செய்துகொண்டிருந்ததை மற்றவர்கள் பார்த்துவிட்டார்கள். டாக்டர் பார்த்துப் பெருவியாதி என்றார். அந்த வாரமே சுங்கை பூலோவில் இருக்கும் குஷ்டரோகிகள் குடியிருப்புக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது பெட்டியையும் பிளேட்டுகளையும் என்னிடம் கொடுத்தார். வரிசையில் இருந்தவர்கள் அவர் பாயையும் தலையணையையும் கொளுத்தினார்கள். நான் தூரத்தில் நின்றேன்.

பெட்டியை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றாள் என் மனைவி. "புள்ளைங்க இருக்கிற வீடுங்க" என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. விறகுக் கொட்டகையில் வைத்தேன். பெட்டியை அவளே சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்தாள். ஊசி டப்பாவை அப்படியே வேப்பிலை போட்ட வெந்நீரில் கொட்டிக் கொதிக்கவைத்துவிட்டாள். காய்ந்தபோது எல்லா ஊசியிலும் துரு. கண்ணுக்குத் தெரிந்ததை அரத்தால் தேய்த்துவிட்டு அவற்றையே போட்டுக் கேட்டேன். டவுனில் பெரிய கடைக்குள் போய் ஊசி கேட்க எனக்கு அப்போது தைரியம் வரவில்லை. எப்போதும் அந்த ஒரு பிளேட்டைத்தான் போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டதால் காது பழகிவிட்டது.

சுங்கை பூலோவில் இருப்பவர்களைப் போய்ப் பார்க்கலாம் என்று தெரிந்ததும் அந்தப் பிளேட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் கூடத்தில் ஒரு கிராமபோன் இருந்தது. அண்ணனின் விரல்கள் மடங்கிப் போயிருந்தன. என்னையே போடச் சொன்னார். தவில் நின்றது. நாகஸ்வரம் நீள வேண்டிய இடத்தில் அரிசி புடைக்கிற சத்தம்தான் வந்தது.

"நிப்பாட்டு" என்றார். "என்ன ஊசி போட்ட?"

சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மற்றதும் வாயில் வந்துவிட்டது.

"அன்னிக்குத் தொடச்சது தூசி இல்லண்ணே. ரத்தம். ஒங்க வெரல்ல ஊசி ஏறுனது ஒங்களுக்குத் தெரியல."

"எப்ப?"

"கை வேகுறதுக்கு ஒரு வருசம் முந்தி."

"அப்பவே சொல்லியிருந்தா கையாவது தங்கியிருக்கும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. பிளேட்டை எடுத்துப் போகச் சொன்னார்.

அடுத்த தடவை போனபோது என்னைப் பார்க்க விருப்பமில்லை என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த தடவையும் அப்படித்தான். அன்று திரும்பும் வழியில்தான் டவுன் கடைக்குள் போய் ஊசி வாங்கினேன்.

இந்த மாதம் முதல் சனிக்கிழமை கடைக்காரர் புதிதாக வந்த அந்த நாகஸ்வரப் பிளேட்டைப் போட்டார். தவில் நின்றது. அந்தச் சுரம் கொஞ்சமும் உடையாமல் நீண்டுகொண்டே போனது. கடைக்காரர் அதே ஊசியோடு மறுபடி போடப் போனார். நான் எழுந்து பிளேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டேன். கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கொடுத்துவிடும்படி கேட்டேன். அந்தக் கடையில் நான் வாய் திறந்து எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைக்காரர் கொடுத்ததை இரண்டு மரப்பலகைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, பிரிக்காத ஊசிப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்துச் சுங்கை பூலோவுக்கு, அண்ணன் பேருக்கு அனுப்பினேன். கடிதம் வைக்கவில்லை. பதில் வரவில்லை. கட்டும் இதுவரை திரும்பி வரவில்லை.