மாட்டுக்கறி நூடுல்ஸ் கடை போங்சீ

இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப்போன இடது காலோடு கொதிக்கும் அண்டாவின் முன்னால் இருபத்தெட்டு வருடம் நின்றாள் போங்சீ. அவள் ஜெயித்தவற்றில் அது முதலாவது. உழவு மாட்டின் கறியை வாயில் வைக்காத அப்பாவின் வீட்டு முன்னறையிலேயே மாட்டுக்கறி நூடுல்ஸ் கடை போட்டது இரண்டாவது. தைவானின் கங்ஷான் ஊர் விமானப்படைக் குடியிருப்பில் இருந்த சீனத்துச் சிச்சுவான்காரி யாருக்கும் மிளகாய் விழுது சொல்லித்தர மாட்டாள். படுக்கையாய்க் கிடந்த அந்தச் சிச்சுவான்காரியின் மாமியாருக்கு ஒரு மழைக்காலம் முழுக்க முதுகு துடைத்துவிட்டு அதையும் கற்றுக்கொண்டாள். மாட்டு நோய்ப் பயத்தில் தெருவின் மற்ற கடைகள் மூடிக் கிடந்தபோது அவள் அடுப்பு அணையவில்லை. மறுபடியும் பெண்ணா என்ற சலிப்பில், 'சரி, வளர்த்து வைப்போம்' என்று பொருள்படும் பெயரை அவளுக்கு வைத்தவர் அப்பா. கடைசிக் காலத்தில் அவருக்கு மருந்து வாங்கியது இந்தக் கடைதான்.

வீடு மட்டும் அப்பா பெயரில் இருந்தது.

அந்த வீட்டில் கையெழுத்துப் போடும் வழக்கம் கிடையாது. பெயர் செதுக்கிய மரமுத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு அழுத்தினால் போதும். மூன்று பிள்ளைகளின் முத்திரைகளும் அப்பாவின் இழுப்பறையில் கிடந்தன. போங்சீயின் கல்யாணத்துக்கும், பிறகு மணவிலக்குக்கும் அவர்தான் எடுத்து அழுத்தினார். அவர் இறந்த மறுநாள் தன்னுடையதை எடுத்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டாள். யாரையும் கேட்காமல் அவள் எடுத்த ஒரே பொருள் அது.

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்தது. துக்கத்துக்கான சைவச் சாப்பாடும் அன்றோடு முடிந்தது. மறுநாள் மதியம் தம்பி கூன்திங் வந்து அண்டாவை ஒட்டிய மேசையில் உட்கார்ந்தான். மூத்தவள் சுவேலான் மூலையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பாதிக் கறி, பாதி சவ்வு. நூடுல்ஸ் கொஞ்சம் விறைப்பா இருக்கட்டும், சின்னக்கா."

கிண்ணத்தையும் புளித்த கடுகுக்கீரையையும் வைத்தாள். இரண்டு வாய் உறிஞ்சியபின் நிமிர்ந்தான்.

"உன் முத்திரை உங்கிட்டதானே இருக்கு? குடு. பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்கணும்."

"எதுக்கு வேணாம்னு எழுதணும்?"

"நம்ம பக்கத்துல எந்தப் பொண்ணு பங்கு வாங்கியிருக்கா? சிரிக்க மாட்டாங்க?"

"முத்திரை கேக்க வந்த வாய் இன்னொரு கரண்டி சூப்பும் கேக்கும் பாரு" என்றாள் சுவேலான்.

"பெரியக்கா, நீ பூண்டை உரி."

"நான் பூண்டை உரிக்கிறேன். நீ எங்களை உரிக்கிறே."

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "சின்னக்கா, கடை உன்னோடதுதான். உன்னை யாரு எழுந்திருன்னா? நூடுல்ஸ் வேகவெக்க எனக்குத் தெரியுமா? உனக்குன்னு புருஷன் வீடும் இல்ல. நாளைக்கு உன் பேரைச் சாமி மாடத்துல வெச்சு ஊதுபத்தி கொளுத்த என்னை விட்டா யாரு?"

போங்சீ கரண்டியால் அண்டாவை ஒருமுறை கிளறினாள். பிறகு ஏப்ரன் பைக்குள் கைவிட்டு முத்திரையை எடுத்துக் கீரைத்தட்டின் பக்கத்தில் வைத்தாள். அவன் அதைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிண்ணத்தை நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் சூப்."

வீடு அவன் பெயருக்கு மாறி, குளிர் தொடங்கியபோது மறுபடி வந்தான். அதே மேசை, அதே பாதிக்குப் பாதி. சாப்பிட்டு முடித்ததும் ஒரு காகிதத்தை விரித்தான்.

"சும்மா ஒரு வாடகை ஒப்பந்தம். எல்லாம் ஒழுங்கா இருக்கணும்னு என் வீட்ல சொல்றா."

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருஷம். அப்புறம் பாக்கலாம். டீக்கடைக் கம்பெனிக்காரனும் இடம் கேட்டுட்டே இருக்கான்."

போங்சீக்குக் கால் வலித்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடை திறந்திருக்கும் நேரத்தில் அவள் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"படிக்கவெல்லாம் வேணாம்க்கா. உன் முத்திரையைக் கொண்டாந்திருக்கேன், நானே வெச்சுடறேன்."

"அதை நீயே வெச்சுக்க."

வாடிக்கையாளர்கள் வேண்டியதைக் குறித்துத் தருவதற்காக மேசையில் கயிறு கட்டிவிட்ட பேனாவை இழுத்தாள். 'வாடகைதாரர்' என்ற இடத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைப் போலத் தன் பெயரை ஒவ்வொரு கோடாக எழுதினாள். ஓரத்தில் கறிக்கொழுப்பு படிந்தது.

"சாப்பிட்டதுக்குக் காசை வெச்சிட்டுப் போ."

"என்னக்கா, எங்கிட்டயா?"

"இத்தனை நாள் அப்பா வீட்ல சாப்பிட்டே. இது வாடகைக் கடை."

அவன் சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. நூறு தைவான் டாலர் நோட்டை வைத்தான். மீதியைக் கொடுத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

லின் போங்சீ முதன்முதலாகத் தன் கையால் கையெழுத்திட்ட நாள்: குடியரசு நூறாம் ஆண்டு (2011), டிசம்பர் 9.