எட்டாவது சுண்ணாம்பு வளையம்

சார், நான் கோயில்பட்டிக்காரன். ரெண்டாவது ஆட்டம் படம் பாத்துட்டு சுடுகாட்டுப் பாதையில தனியா சைக்கிள் மிதிச்சு வந்தவன். பேய் பிசாசுன்னு எவனாவது ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருவேன். இப்பவும் இதப் பேய்னு சொல்லல. என்னன்னு எனக்கே தெரியல, ஆனா நடந்தது நெசம்.

ரெண்டாயிரத்துப் பதினொண்ணு வாக்குல வல்லம் வடகால்ங்கிற ஊருல டோசர் ஓட்டிக்கிட்டு இருந்தேன். கம்பெனி கட்ட வாங்கிப் போட்ட பொட்டக்காடு, அத மட்டம் பண்ணணும். லீவு நாள்ல அங்க ஒரு டீச்சர் வருவாங்க, சேரப்பணஞ்சேரிப் பக்கம் பள்ளிக்கூடத்துல வேலை. கழுத்துல பைனாகுலர், கையில நோட்டு, கொறஞ்சுக்கிட்டே வர்ற பறவைகளை எண்ணுவாங்க. மொதல்ல நான் லூசுன்னுதான் நெனச்சேன், பொய் சொல்லக் கூடாது. ஒரு நாள் டோசருக்கு முன்னாடி வந்து கைய நீட்டி நிறுத்திட்டாங்க. எறங்கிப் பாத்தா கூழாங்கல்லுதான் கெடக்கு. "குனிஞ்சு பாருங்க தம்பி"ன்னாங்க. கல்லு இல்ல சார், நாலு முட்டை! மஞ்ச மூக்கு ஆள்காட்டியாம், வெறுந்தரையிலயே முட்டை போட்டுருமாம். அத அம்பதடி தள்ளி நின்னே கண்டுபிடிச்சிருக்காங்க. அப்படி ஏழு எடம். ஒவ்வொண்ணச் சுத்தியும் சுண்ணாம்புத் தூளக் கையால தூவி வளையம் போட்டாங்க. ஆபீசுக்கு நடையா நடந்து, குஞ்சு பொரிக்கிற வரைக்கும் வளையத்தத் தொடக் கூடாதுன்னு சம்மதமும் வாங்கிட்டாங்க. அப்படி ஒரு ஆள நான் இதுவரைக்கும் பாத்ததில்ல.

சித்திரை கடைசியில ஒரு சாயங்காலம் கோடை மழை பிச்சு ஒதறிருச்சு. சுண்ணாம்பு பூராக் கரைஞ்சு ஓடுறத தகரக் கொட்டாயில நின்னு நானே பாத்தேன். சூப்பர்வைசர் பக்கத்துல நின்னுக்கிட்டு, "மார்க்கெல்லாம் பூட்ச்சிபா. காலைல மொத்தத்தையும் தள்ளிடு, முடியாதுன்னா சொல்லு, வேற ஆளப் போட்டுக்கறேன்"ங்கான். டீச்சருக்கு போன் அடிச்சா சுவிட்ச் ஆஃப்.

விடிஞ்சதும் போனேன், நாமளாவது தேடிப் பாப்போம்னு. நம்புனா நம்புங்க சார், வளையம் இருக்கு. சகதி மேல பளிச்சுனு, காஞ்ச சுண்ணாம்பு. எனக்குக் கணுக்கால் வரைக்கும் பொதையுது, ஆனா என் காலடியத் தவிர அந்தக் காட்டுல வேற காலடியே இல்ல. முட்டையெல்லாம் பத்திரமா இருக்கு. சூப்பர்வைசரும் வந்து பாத்தான். பாத்த கையோட பைக்க எடுத்துக்கிட்டுப் போயிட்டான்.

பத்து மணிக்கு டீச்சர் ஓடி வந்தாங்க. பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு. "போட்டு வச்சிட்டீங்களா தம்பி?"

"நானா? நீங்கன்னுல்ல நெனச்சேன் டீச்சர்!"

"எங்க வூட்டாண்ட நேத்து சாயங்காலத்துலேர்ந்து கரண்டே இல்ல, போன் செத்துப்போச்சி. இப்பதானே பஸ்ஸ விட்டு எறங்கறேன்."

ரெண்டு பேரும் எண்ணுனோம். எட்டு வளையம் இருக்கு. எட்டாவது காலி, உள்ள வெறும் மண்ணு. டீச்சர் மண்டி போட்டுத் தேடுனாங்க, ஒண்ணும் இல்ல. "இதையும் விட்டுருங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. நானும் சுத்திக்கிட்டே ஓட்டுனேன்.

பன்னெண்டாம் நாள் அந்தக் காலி வளையத்துல ரெண்டு முட்டை, கறுப்புப் புள்ளியோட. பக்கத்துல காவி நெறத்துல ஒரு பறவை, கண்ணுக்கு மேல வெள்ளக் கோடு, ஓடுது, நிக்குது, ஓடுது. டீச்சர் அதோட பேரச் சொன்னாங்க, என் வாயில நுழையல. அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. "எட்டு வருஷமா இந்தப் பக்கம் பூரா நடந்து தேடிகினு இருக்கேன் தம்பி"ன்னாங்க. அன்னைக்கு நோட்ட எடுக்கவே இல்ல.

எல்லாம் பொரிச்சு, ஓடி வளந்து போயிருச்சு. இப்ப அங்க கம்பெனி ஓடுது, மூணு ஷிப்டு.

ஒண்ணு மட்டும் இன்னும் மனசுல உறுத்துது சார். கையால வளையம் போட்டா, ஆரம்பிச்ச எடத்துலயே வந்து முடியணும், அங்க கொஞ்சம் தடிப்பா இருக்கும். டீச்சர் போட்டதுலயும் அப்படித்தான் இருந்துச்சு, நான் பாத்திருக்கேன். அன்னைக்குக் காலையில எட்டையும் சுத்திச் சுத்தி வந்து பாத்தேன். எதுலயும் அந்த எடமே இல்ல.